கூண்டில் இணைந்த சுண்டெலிகள்: பெரோமிஸ்கஸ் கலப்பின ஆய்வுகளின் வரலாறு

நெருங்கிய உறவுடைய இரண்டு கொறிணிச் சிற்றினங்களை ஒரே கூண்டில் விட்டால் அவை இணைசேருமா, சேர்ந்தால் குட்டி பிறக்குமா, பிறந்த குட்டி எப்படி இருக்கும் என்ற கேள்விகளுக்கு மிக நீண்டகாலமாக விடை தேடப்பட்ட விலங்குக் குழுக்களில் ஒன்று பெரோமிஸ்கஸ். இது வட அமெரிக்காவைச் சேர்ந்த சுண்டெலிப் பேரினம். அலாஸ்கா முதல் மெக்சிகோ வரை காடு, புல்வெளி, பாலைவனம், கடற்கரை மணல்மேடு என எங்கும் இதன் சிற்றினங்கள் உள்ளன. தோற்றத்தில் நம் வீட்டுச் சுண்டெலியைப் போலவே இருந்தாலும் இது அதன் நெருங்கிய உறவு அல்ல. குடும்ப வகைப்பாட்டில் இது ஹாம்ஸ்டர்களோடு சேர்கிறது. வீட்டுச் சுண்டெலியின் குடும்பம் வேறு.

இந்தக் கட்டுரையில் முதன்மையாக வருபவை இரண்டு சிற்றினங்கள். ஒன்று பெரோமிஸ்கஸ் மனிகுலேட்டஸ். மேலே பழுப்பு, வயிற்றில் வெள்ளை என மானின் நிறத்தை ஒத்திருப்பதால் இது மான் சுண்டெலி எனப்படுகிறது. மற்றது பெரோமிஸ்கஸ் பொலியோனோட்டஸ். உழவு கைவிடப்பட்ட வயல்களில் வாழ்வதால் இதைத் தரிசு வயல் சுண்டெலி எனலாம். மான் சுண்டெலி கண்டத்தின் பெரும்பகுதியில் பரவியது. தரிசு வயல் சுண்டெலி புளோரிடா, ஜார்ஜியா, அலபாமா முதலிய தென்கிழக்கு மாநிலங்களுக்கு மட்டுமே உரியது. இயற்கையில் இரண்டும் சந்திப்பதில்லை. ஆகவே இவை இணைசேருமா என்று அறியக் கூண்டைத் தவிர வேறு வழி இல்லை.

சம்னரும் நிறம் மாறாத எலிகளும்

இப்பேரினத்தை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்து முறையாக வளர்த்தவர் பிரான்சிஸ் சம்னர் (1874–1945). 1913இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில் உள்ள ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அதற்கு முன்பே வெள்ளெலிகளைச் சூடான அறையிலும் குளிரான அறையிலும் வளர்த்து வால் நீளத்தை அளந்தவர். சூழல் ஏற்படுத்தும் மாற்றம் சந்ததிக்குக் கடத்தப்படும் என்ற லாமார்க்கியக் கருத்தில் அப்போது அவருக்கு நம்பிக்கை இருந்தது.

கலிபோர்னியாவின் ஈரமான வடகடற்கரையில் வாழும் மான் சுண்டெலிகள் கருமையானவை. மொகாவி பாலைவனத்தில் வாழ்பவை வெளிறியவை. இரண்டையும் பிடித்துவந்து லா ஹோயாவின் மிதமான தட்பவெப்பத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் நிறம் நடுநிலைக்கு வந்துவிடும் என்பது எதிர்பார்ப்பு. வரவில்லை. பாலைவன எலியின் பேரக்குட்டிகளும் வெளிறியே பிறந்தன. நிறம் மரபுவழி வருகிறது, காற்றின் ஈரத்தால் ஒரு வாழ்நாளில் வருவதில்லை என்று சம்னர் ஏற்கவேண்டியதாயிற்று. பின்னர் புளோரிடாவுக்குச் சென்று, உள்நாட்டுக் கருஞ்சுண்டெலிகளையும் சாந்தா ரோசா தீவின் வெண்மணலில் வாழும் வெளிர்சுண்டெலிகளையும் ஆராய்ந்தார். இயற்கைத் தேர்வுக்கு ஆதரவான வலுவான சான்றுகளுள் சில இப்படித்தான் கிடைத்தன.

சம்னரின் கலப்புகள் பெரும்பாலும் ஒரே சிற்றினத்தின் துணையினங்களுக்கு இடையிலானவை. அவை எளிதில் இணைந்தன, குட்டிகளும் வளமானவையாக இருந்தன. கேள்வி கடினமாவது சிற்றின எல்லையைத் தாண்டும்போதுதான்.

டைஸின் கூண்டுகள்

அந்த எல்லையைச் சோதித்தவர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் லீ டைஸ் (1887–1977). எந்தச் சிற்றினம் எதனோடு குட்டி போடும் என்ற கணக்கை அவர் 1933இல் வெளியிட்டார். ஓர் ஆண், ஒரு பெண், ஒரு கூண்டு, மாதக்கணக்கில் காத்திருப்பு. இதுதான் முறை. கேட்பதற்கு எளிதாக இருக்கும் இம்முறையில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. குட்டி பிறந்தால் விடை தெளிவு. பிறக்காவிட்டால்? அவை ஒன்றையொன்று நெருங்கவே இல்லையா, நெருங்கியும் கரு தரிக்கவில்லையா, தரித்த கரு உள்ளேயே அழிந்ததா என்பது தெரியாது. சுண்டெலிகள் இரவில் இயங்குபவை. இணைசேர்வது சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண்ணின் சினைப்பருவமோ நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை சில மணி நேரம் மட்டுமே. காலையில் வந்து கூண்டைப் பார்ப்பவருக்கு இரவில் நடந்த எதுவும் தெரிய வாய்ப்பில்லை. தொடக்ககாலப் பட்டியல்களில் உள்ள ‘குட்டி இல்லை’ என்ற பதிவுகளை இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும்.

இருந்தும் டைஸின் முடிவுகள் பயனுள்ளவை. மான் சுண்டெலியும் வெண்கால் சுண்டெலியும் பல இடங்களில் அருகருகே வாழ்கின்றன. கையில் பிடித்துப் பார்த்தாலும் குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கின்றன. ஆனால் கூண்டில் அவற்றிடமிருந்து கலப்பினம் கிடைக்கவில்லை. எங்கோ தொலைவில் வாழும் தரிசு வயல் சுண்டெலியோ மான் சுண்டெலியோடு குட்டி போட்டது. உருவ ஒற்றுமை உறவுக்கு அளவுகோல் அல்ல என்பதைக் காட்டப் பாடநூல்கள் இந்த உதாரணத்தை எடுத்தாளாதது வியப்புதான்.

மற்றொரு புதிர் 1937இல் வந்தது. வெண்கால் சுண்டெலியும் அதன் மிக நெருங்கிய உறவான பருத்திச் சுண்டெலியும் கூண்டில் தடையின்றி இணைந்து வளமான குட்டிகளைத் தந்தன. ஆனால் 1940இல் கிழக்கு வர்ஜீனியாவில் இரண்டும் சேர்ந்து வாழும் இடத்தை டைஸ் ஆராய்ந்தபோது அவை தனித்தனிச் சிற்றினங்களாகவே நீடிப்பதைக் கண்டார். கூண்டில் சேரும் விலங்குகள் காட்டில் சேர்வதில்லை.

இது சிறிய செய்தி அல்ல. 1937இல் தியோடோசியஸ் டோப்சான்ஸ்கியும் 1942இல் எர்ன்ஸ்ட் மெயரும் எழுதிய நூல்கள் சிற்றினம் என்பதற்கான வரையறையை இனப்பெருக்கத் தனிமையின் மேல் அமைத்தன. தமக்குள் இணைசேரும், அல்லது இணைசேரும் வாய்ப்புள்ள இயற்கைக் கூட்டம் ஒரு சிற்றினம் என்றது மெயரின் வரையறை. அந்த ‘வாய்ப்புள்ள’ என்ற சொல்தான் தொல்லை. கூண்டில் கண்ட வாய்ப்பைக் கணக்கில் எடுப்பதா, காட்டில் கண்ட மறுப்பை எடுப்பதா? மெயர் இயற்கையில் நடப்பதற்கே முதலிடம் தந்தார். பெரோமிஸ்கஸ் சான்றுகளும் அந்தப் பக்கமே நிற்கின்றன.

தாய் யார், தந்தை யார்

மான் சுண்டெலிக்கும் தரிசு வயல் சுண்டெலிக்கும் கலப்பினம் கிடைத்தது என்று மேலே சொன்னது பாதிக் கதைதான். மார்கரெட் வாட்சன் 1942இல் இக்கலப்பைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். பின்னர் வாலஸ் டாசன் 1965இல் அளவுகளோடு விரிவாக ஆராய்ந்தார். இருவர் முன்னும் நின்ற உண்மை ஒன்றே: எந்தப் பக்கம் தாய் என்பதைப் பொறுத்து விளைவு முற்றிலும் மாறுகிறது.

தாய் மான் சுண்டெலியாகவும் தந்தை தரிசு வயல் சுண்டெலியாகவும் இருந்தால் குட்டிகள் பிறக்கின்றன. பெற்றோர் இருவரைவிடவும் சிறியவை. ஆனால் நலமாக வாழ்கின்றன, இனப்பெருக்கமும் செய்கின்றன. இதையே திருப்பிப் போட்டால், அதாவது தாய் தரிசு வயல் சுண்டெலியாக இருந்தால், கரு வரம்பு மீறி வளர்கிறது. நச்சுக்கொடி பெருத்து உருக்குலைகிறது. பெரும்பாலான கருக்கள் வயிற்றிலேயே அழிகின்றன. தப்பித்து முழு வளர்ச்சி அடையும் சில குட்டிகள் பிரசவத்தில் தாயின் உயிருக்கே ஆபத்தாகின்றன. இரு சிற்றினங்களும் தமக்குள் இணையும்போது பிறக்கும் குட்டிகள் ஏறக்குறைய ஒரே அளவுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். பெரிய தந்தைக்குப் பெரிய குட்டி என்ற எளிய விளக்கம் இங்கே செல்லாது.

குதிரையும் கழுதையும் இணையும்போதும் இந்தப் பக்கமாற்றம் உண்டு. பெண் குதிரைக்கும் ஆண் கழுதைக்கும் பிறப்பது கோவேறு கழுதை, பழந்தமிழில் அத்திரி. பெண் கழுதைக்கும் ஆண் குதிரைக்கும் பிறப்பது வேறு தோற்றமும் பொதுவாகச் சிறிய உடலும் கொண்டது. ஆனால் கோவேறு கழுதை மலடு. அடுத்த தலைமுறை இல்லாததால் காரணத்தை மரபணுக்களில் தேடுவது கடினம். சுண்டெலியில் ஒரு பக்கக் கலப்பு வளமானது. அந்தக் குட்டிகளைப் பெற்றோர் இனத்தோடு மறுபடி கலந்து, எந்தக் குரோமோசோம் துண்டு எந்த விளைவைத் தருகிறது என்று பின்தொடர முடியும்.

இதற்குத் தேவைப்பட்டது நிலையான இருப்பு. மிச்சிகனின் ஆன் ஆர்பர் அருகே 1948இல் பிடித்த மான் சுண்டெலிகளும், புளோரிடாவின் ஒகாலா தேசியக் காட்டில் 1952இல் பிடித்த தரிசு வயல் சுண்டெலிகளும் இன்றைய ஆய்வகக் குடிகளின் மூதாதையர். தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் டாசன் கட்டிக்காத்த இக்குடிகள், 1985 முதல் பெரோமிஸ்கஸ் மரபியல் இருப்பு மையமாக உலகெங்கும் உள்ள ஆய்வாளர்களுக்கு விலங்குகளை வழங்கத் தொடங்கின. இந்த வரலாற்றில் கண்டுபிடிப்புகளுக்குக் கிடைக்கும் பெயர், பல பத்தாண்டுகள் கூண்டு கழுவி, தீனி போட்டு, ஒவ்வொரு ஈற்றையும் பதிவேட்டில் எழுதிவைத்தவர்களுக்குக் கிடைப்பதில்லை. அந்தப் பதிவேடு இல்லையேல் அடுத்து வருவது எதுவும் இல்லை.

ஒரே துணையும் பல துணையும்

இரு சிற்றினங்களின் இல்லறமும் வேறுவேறு. மான் சுண்டெலிப் பெண் ஒரே சினைப்பருவத்தில் பல ஆண்களோடு சேரக்கூடியது. இயற்கையில் ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குப் பல தந்தையர் இருப்பதை பேர்ட்சாலும் நாஷும் 1973இல் புரத வேறுபாடுகளைக் கொண்டு காட்டினர். தரிசு வயல் சுண்டெலி இதற்கு நேர் எதிர். ஃபோல்ட்ஸ் 1981இல் வெளியிட்ட மரபியல் சான்றின்படி, இதன் ஆணும் பெண்ணும் நீண்டகாலம் ஒரே துணையோடு வாழ்கின்றன.

புளோரிடா பல்கலைக்கழகத்தின் டொனால்ட் டியூஸ்பரி இதே காலத்தில் கொறிணிகளின் புணர்ச்சி முறைகளை ஆய்வகத்தில் வகைப்படுத்திக்கொண்டிருந்தார். 1972இல் அவர் வெளியிட்ட முறை நான்கு கேள்விகளால் ஆனது: இணைந்தபின் பிரிய இயலாமல் பூட்டிக்கொள்கின்றனவா, உட்புகுந்தபின் மீண்டும் மீண்டும் உந்துகின்றனவா, விந்து வெளிப்படுவதற்குள் பலமுறை உட்புகுதல் தேவைப்படுகிறதா, விந்து வெளிப்படுத்தல் பலமுறை நடக்கிறதா? ஆம் அல்லது இல்லை என்ற விடைகளால் 16 வகைகள் உருவாகும். நெருங்கிய சிற்றினங்களைக் கலக்க முயலும்போது இந்த விவரங்கள் வெறும் ஆர்வத்துக்குரியவை அல்ல. ஆணின் நடத்தைக்கும் பெண்ணின் உடல் எதிர்பார்ப்புக்கும் பொருத்தமில்லாவிட்டால் கரு தரிப்பதே தடைபடலாம்.

துணை முறையின் தடம் விந்தணுவிலும் தெரிகிறது. மான் சுண்டெலியின் விந்தணுக்கள் கூட்டமாக ஒட்டி நீந்துபவை. வேறோர் ஆணின் விந்தணுக்களோடு கலந்து விட்டாலும் ஒரே ஆணின் விந்தணுக்களே பெரும்பாலும் ஒன்றுசேர்கின்றன. தரிசு வயல் சுண்டெலியின் விந்தணுக்கள் அப்படிப் பிரித்தறிவதில்லை. ஹைடி ஃபிஷரும் ஹோப்பி ஹுக்ஸ்ட்ராவும் 2010இல் இதைக் காட்டினர். போட்டி இல்லாத இடத்தில் அடையாளம் காணும் திறனுக்கும் தேவையில்லை.

இந்த வேறுபாடே பெருத்த கருவின் புதிருக்கும் திறவுகோலாக முன்வைக்கப்பட்டது. பாலூட்டிகளில் சில மரபணுக்கள் தாயிடமிருந்து வந்ததா தந்தையிடமிருந்து வந்ததா என்பதைப் பொறுத்தே வேலை செய்கின்றன. இதற்கு மரபணு முத்திரையிடல் என்று பெயர். ஆய்வகச் சுண்டெலியின் கருவில் தாய், தந்தை இருவரின் மரபுப்பொருளும் இன்றியமையாதது என்பதை 1984இல் அசிம் சுரானியின் குழுவும், மெக்ராத், சோல்டர் ஆகியோரும் நிறுவினர். 1991இல் முதல் முத்திரை மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. டேவிட் ஹேய்க் தந்த விளக்கம் இது: ஒரு பெண் பல ஆண்களோடு சேரும் இனத்தில், தந்தைவழி மரபணு இந்தக் கருவுக்காகத் தாயிடமிருந்து இயன்றவரை உறிஞ்சப் பார்க்கும்; அடுத்த ஈற்றின் தந்தை வேறொருவனாக இருக்கலாம் அல்லவா! தாய்வழி மரபணு எல்லாக் குட்டிகளுக்கும் பங்கிட வேண்டியிருப்பதால் அதைக் கட்டுப்படுத்தும். ஒரே துணையோடு வாழும் இனத்தில் இந்த இழுபறி தளர்ந்துவிடும்.

இப்போது கலப்பைப் பாருங்கள். வலுவாக இழுக்கும் மான் சுண்டெலித் தந்தையின் மரபணு, எதிர்த்து இழுக்கப் பழகாத தரிசு வயல் சுண்டெலித் தாயிடம் வருகிறது, கரு பெருக்கிறது. மறுபக்கக் கலப்பில் தாயின் பிடி வலியது, தந்தையின் இழுப்பு மெலியது, குட்டி சிறுக்கிறது. பிரின்ஸ்டனில் ஷெர்லி டில்மனின் ஆய்வகத்தில் பால் வ்ரானாவும் பிறரும் 1998இல் இக்கலப்பினங்களின் முத்திரை மரபணுக்களை நேரடியாகச் சோதித்தனர். கலப்பினத்தில் முத்திரையே குலைந்திருந்தது. ஒரு பெற்றோர் பிரதி மட்டும் இயங்க வேண்டிய மரபணுக்கள் சிலவற்றில் இரண்டும் இயங்கின. 2000இல் வந்த தொடர்ச்சி, எக்ஸ் குரோமோசோமுக்கும் இதில் பங்குண்டு எனக் காட்டியது. ஹேய்க்கின் கருத்து இந்த விளைவுகளின் திசையோடு நன்றாகப் பொருந்துகிறது. ஆயினும் முத்திரை குலைவது ஏன் என்பதற்கு அது மட்டுமே முழு விடையாகாது. கயிறு இழுக்கும் போட்டியில் ஒருவர் வெல்வது வேறு, கயிறே அறுவது வேறு.

இது மருத்துவத்துக்கும் நெருக்கமான செய்தி. மனிதக் குழந்தைகளில் பிறப்பிலேயே உடல் பெருத்துக் காணப்படும் பெக்வித்-வீடெமன் நோய்க்குறியும் முத்திரை மரபணுக்களின் கோளாறால் வருவதே.

மரபாக வந்த வளையும் தகப்பன் பாசமும்

வளமான அந்த ஒரு பக்கக் கலப்பு இன்னொரு வாயிலையும் திறந்தது. தரிசு வயல் சுண்டெலி தோண்டும் வளைக்கு நீண்ட நுழைவழியும், கூட்டறையும், அதற்கப்பால் தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் தப்பிப்பு வழியும் உண்டு. பாம்பு உள்ளே வந்தால் மேல்மண்ணை முட்டித் திறந்துகொண்டு வெளியேறலாம். மான் சுண்டெலி தோண்டுவது குட்டையான, தப்பிப்பு வழி இல்லாத வளை. தலைமுறைகளாக மண்ணையே காணாமல் கூண்டில் பிறந்த எலிகளும், மணல்பெட்டியில் விட்டவுடன் தத்தம் இனத்துக்குரிய வளையையே தோண்டின. கலப்பினக் குட்டிகள் தரிசு வயல் பெற்றோரைப் போலத் தோண்டின. 2013இல் வெபர், பீட்டர்சன், ஹுக்ஸ்ட்ரா ஆகியோர் மான் சுண்டெலியோடு மறுபடி கலந்து ஆராய்ந்து, நுழைவழியின் நீளத்துக்கு மூன்று மரபணுப் பகுதிகளும் தப்பிப்பு வழிக்குத் தனியாக ஒன்றும் காரணம் எனக் கண்டனர்.

2017இல் ஆந்த்ரெஸ் பெண்டெஸ்கியும் அதே ஆய்வகத்தாரும் பெற்றோர்ப் பேணலை எடுத்துக்கொண்டனர். தரிசு வயல் சுண்டெலியின் ஆண் கூடு கட்டும், குட்டிகளை அணைத்துப் படுக்கும், விலகிச் சென்ற குட்டியைக் கவ்விக் கொண்டுவரும். மான் சுண்டெலியின் ஆணிடம் இவை குறைவு. குட்டிகளை மற்ற இனப் பெற்றோரிடம் வளரவிட்டாலும் இவ்வேறுபாடு மாறவில்லை. கலப்பினங்களின் இரண்டாம் தலைமுறையை ஆராய்ந்ததில் 12 மரபணுப் பகுதிகள் தொடர்புடையவையாகத் தெரிந்தன. அவற்றில் 8 ஆண், பெண் இருவரில் ஒருவரிடம் மட்டுமே செயல்பட்டன. தந்தைமை, தாய்மையின் நகல் அல்ல என்பது இதன் பொருள். கூடு கட்டுவதில் வாசோபிரசின் என்ற ஹார்மோனுக்குப் பங்கிருப்பதும் இங்கே வெளிப்பட்டது.

தேர்வு தந்தால்

இதுவரை கண்ட கலப்புகள் எல்லாம் வேறு துணை இல்லாத கூண்டில் நடந்தவை. தேர்வு தந்தால் என்ன செய்யும்? மான் சுண்டெலியும் தரிசு வயல் சுண்டெலியும் தம் இன வாசனையையும் மற்றதன் வாசனையையும் பிரித்தறிகின்றனவா என்ற ஆய்வு 1965இலேயே வெளிவந்தது. கொறிணிகளுக்குக் கண்ணைவிட மூக்கே பெரிது. சிறுநீரின் மணத்தில் இனம், பால், சினைப்பருவம் எல்லாம் அடங்கியிருக்கும்.

டைஸ் விட்டுச்சென்ற பழைய புதிருக்கு, அதாவது கூண்டில் சேர்ந்து காட்டில் சேராத வெண்கால் சுண்டெலிக்கும் பருத்திச் சுண்டெலிக்கும், எமிலி டெலானியும் ஹுக்ஸ்ட்ராவும் 2018இல் விடை தந்தனர். இரண்டுக்கும் இடையே பிறக்கும் கலப்பினங்களில் எந்தக் குறையும் காணப்படவில்லை. ஒரே வாழிடத்தில் இருந்தும் இயற்கையில் கலப்பினம் அரிது. இரு இனத் துணைகளையும் ஒருசேர முன்வைத்தபோது இரண்டும் தன் இனத்தையே வலுவாக விரும்பின. காட்டில் அவற்றைப் பிரித்து வைத்திருப்பது உடல் தடை அல்ல, விருப்பமே.

அந்த விருப்பம் பிறவியிலேயே வருவதா? குட்டிகளை மாற்றிப்போட்டு மற்ற இனப் பெற்றோரிடம் வளர்த்தபோது, பருத்திச் சுண்டெலி யாரைத் துணையாகத் தேடும் என்பது தன்னை வளர்த்தவர் யார் என்பதைப் பொறுத்திருந்தது. வெண்கால் சுண்டெலியில் வளர்ப்பால் மட்டும் விளக்க முடியாத பிற காரணிகளும் இருந்தன. வளையைத் தோண்டுவதும் குட்டியை அணைப்பதும் வளர்ப்பால் மாறாத அதே பேரினத்தில், துணையைத் தேர்வது ஓர் இனத்திலாவது கூட்டில் கற்ற பாடமாக இருக்கிறது. குட்டி பால் குடித்த சில வாரங்களில் மோந்த மணம், வளர்ந்தபின் அது எந்தச் சிற்றினத்தோடு சேரும் என்பதை முடிவு செய்கிறது.